39-43

டிஸ்கி: இது கூடைப்பந்து பத்தின பதிவு. ஆனா கூடைப்பந்து தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். வருஷா வருஷம் ஜஸ்ட் பாஸ் ஆகிறவனோட வலி புரிஞ்சா போதும்.

2025 அக்டோபர் முதல் வாரம். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. சீசன் ஆரம்பிக்க ரெண்டு வாரம்தான் இருக்கேன்னு டிக்கெட் விலையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி காபியோட வந்த தங்கமணி ஸ்க்ரீனை எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க. "மறுபடியுமா?"

அந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு வருஷத்துப் புலம்பல் இருக்கு. ஒவ்வொரு ஏப்ரல்லயும் "இனிமே இந்த டீமைப் பார்த்தா என்னைச் செருப்பால அடி"ன்னு சொல்றது. ஒவ்வொரு அக்டோபர்லயும் "இந்தப் பசங்க இளரத்தம், இந்த வருஷம் பாரேன்"னு ஆரம்பிக்கிறது. அவங்க இன்னும் செருப்பை எடுக்காதது அவங்க நல்ல மனசு.

டீம் பேரு சிகாகோ புல்ஸ். "அட, மைக்கேல் ஜோர்டான் டீமாச்சே! அதுக்கு என்ன குறைச்சல்?"னு கேக்கறீங்க இல்ல? அதேதான் பிரச்சினை. ஊர் பூரா அப்படித்தான் கேக்குது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்கு சொந்த ஊர் பெரியகுளம். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். கூடைப்பந்துக்கும்தான். வருஷா வருஷம் அகில இந்தியப் போட்டி நடக்கும், வெளியூர்ல இருந்தெல்லாம் பெரிய டீம்கள் வரும், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஆட்டம். அப்பா சின்ன வயசுல ஆடினவர். எங்க வீட்டுல அவரோட ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. சென்னை பர்மா பஜார்ல வாங்கினது. முன்னாடி காளை மாட்டுத் தலை. டூப்ளிகேட்ங்கிறதால காளை கொஞ்சம் எருமை மாதிரி இருக்கும். 1990களில் நம்மூர்ல பாதி பேர் அந்த மாட்டுத்தலை பனியன் போட்டுத் திரிஞ்சாங்க. அது ஒரு கூடைப்பந்து டீம்னு தெரிஞ்சவங்க அதுல பாதி கூட இருக்க மாட்டாங்க. அப்பாவுக்குத் தெரியும்.

1991, 92, 93, அப்புறம் 1996, 97, 98. மொத்தம் ஆறு கோப்பை. 1995-96ல 82 ஆட்டத்துல 72 ஜெயிச்சு பத்தே பத்து தோல்வி. நான் விவரம் தெரிஞ்சு எழுந்து பார்க்கும்போது இதெல்லாம் முடிஞ்சு போச்சு. கல்யாண வீட்டுக்கு லேட்டா போனவனுக்கு பந்தியில ரசம் கூட மிச்சமில்லாத கதை.

எனக்குன்னு கிடைச்சவர் டெரிக் ரோஸ். அதே சிகாகோ ஊர்ப் பையன். 2008ல டிராஃப்ட் லாட்டரியில முதலிடம் கிடைக்க புல்ஸுக்கு இருந்த வாய்ப்பு 1.7 சதவீதம். கிடைச்சுது. 2011ல 22 வயசுல லீக்கோட சிறந்த ஆட்டக்காரர் விருது, அதை வாங்கினதுலயே ரொம்பச் சின்ன வயசு. அந்த சீசன் 62 வெற்றி. அடுத்த வருஷம், 2012 ஏப்ரல் 28, பிளேஆஃப் முதல் ஆட்டம். ஜெயிக்கப் போற ஆட்டத்துல, கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள்ள, முழங்கால் ஜவ்வு அறுந்து கீழே உக்காந்துட்டார். எனக்கு அப்போ பதினாலு வயசு. மறுநாள் பிரவுசிங் சென்டர்ல பத்து ரூபா கொடுத்து அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை விழ மாட்டார்னு ஒரு நப்பாசை. அங்க பிடிச்ச சனி இது.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன். நம்ம கிரிக்கெட் மூளைக்கு என்.பி.ஏ. கணக்கு கொஞ்சம் வித்தியாசம். மொத்தம் 30 டீம், கிழக்கு 15, மேற்கு 15. ஒவ்வொரு பக்கமும் முதல் ஆறு இடம் நேரா பிளேஆஃப். ஏழுல இருந்து பத்து வரைக்கும் பிளே-இன்னு ஒண்ணு, நம்ம அரியர் பரீட்சை மாதிரி. அதுக்குக் கீழே இருக்கறவங்க வீட்டுக்கு.

ஆனா வீட்டுக்குப் போறவனுக்கு ஒரு பரிசு உண்டு. அடுத்த வருஷம் புதுசா வர்ற இளம் ஆட்டக்காரர்களை எடுக்கறதுல, கேவலமா தோத்த டீமுக்குத்தான் லாட்டரியில வாய்ப்பு ஜாஸ்தி. 2025 லாட்டரியில கடைசி மூணு டீமுக்கு முதலிடம் கிடைக்க ஆளுக்கு 14 சதவீதம் இருந்துச்சு. வகுப்புல கடைசி ரேங்க் எடுத்தவனுக்கு ஊர்லயே நல்ல டியூஷன் வாத்தியார்ங்கிற மாதிரி. அதனால சில டீம்கள் வேணும்னே ரெண்டு மூணு வருஷம் தோக்கும். அதுக்குப் பேரு டேங்கிங்.

ஆக ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை, தோக்கறவனுக்கு எதிர்காலம். நடுவுல நிக்கறவனுக்கு? ஒண்ணும் கிடையாது. இந்த லீக்ல இருக்கிறதுலயே மோசமான இடம் நடுதான்.

அங்கதான் நம்ம ஆளுங்க பாய் விரிச்சுப் படுத்தாங்க. 2022-23ல 40 வெற்றி, 42 தோல்வி. பத்தாவது இடம். 2023-24ல 39-43. ஒன்பதாவது இடம். 2024-25ல? மறுபடியும் அதே 39-43, அதே ஒன்பதாவது இடம். போட்டோகாப்பி எடுத்த மாதிரி.

மூணு வருஷமும் பிளே-இன். மூணு வருஷமும் வெளியே அனுப்பினது ஒரே டீம், மயாமி ஹீட். 2023ல டொராண்டோவுல போய் ஜெயிச்சுட்டு மயாமியில தோத்தாங்க. 2024ல அட்லாண்டாவை அடிச்சாங்க, கோபி ஒயிட் 42 பாயிண்ட் போட்டார், நானும் துள்ளிக் குதிச்சேன். ரெண்டே நாள்ல மயாமி 21 பாயிண்ட்ல துவைச்சு அனுப்பிச்சு. 2025ல நம்ம சொந்த மைதானத்துக்கே வந்து 109-90ன்னு முடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஒரே திருடன் மூணு வருஷம் அதே ஜன்னல் வழியா வந்தா தப்பு திருடன் மேலயா, ஜன்னலை மாத்தாதவன் மேலயா?

இது நல்லா ஆரம்பிச்ச கதைங்கிறதுதான் எரிச்சல். 2021ல டிமார் டிரோஸன், லான்ஸோ பால், அலெக்ஸ் கரூஸோன்னு ஆளுங்களை இறக்கினாங்க. அந்த டிசம்பர் 31 அன்னிக்கு டிரோஸன் கடைசி நொடியில போட்டு இண்டியானாவை ஜெயிச்சார். மறுநாள் புத்தாண்டு அன்னிக்கு வாஷிங்டன்ல அதே மாதிரி கடைசி நொடி, அதே மாதிரி வெற்றி. அடுத்தடுத்த நாள்ல அப்படிப் பண்ணின முதல் ஆள் அவர்தான். கிழக்குல முதலிடத்துல இருந்தோம். ரெண்டு வாரத்துல லான்ஸோவுக்கு முழங்கால் போச்சு. மறுபடி முழங்கால்! முழுசா ரெண்டு சீசன் ஆடலை. அந்த வருஷம் 46 வெற்றியோட ஆறாவது இடம், முதல் சுற்றுல மில்வாக்கி 4-1ன்னு அனுப்பிச்சு.

காயம் விதி. அதுக்கு யாரையும் திட்ட முடியாது. திட்ட வேண்டியது அதுக்கப்புறம் நடந்ததை. பொட்டி தட்டுறவனா எனக்கு இதுல ஒரு பரிச்சயம் உண்டு. பத்து வருஷப் பழைய கோடு. எங்க கையை வெச்சாலும் உடையும். புதுசா எழுதணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா கஸ்டமர் கத்தாத வரைக்கும் பேட்ச் மேல பேட்ச் போட்டு ஓட்டுவோம். அதையேதான் புல்ஸ் நிர்வாகம் பண்ணிச்சு. அடுத்தடுத்து ரெண்டு வருஷம், டிரேடு பண்ண கெடு முடியிற நாள்ல ஒருத்தரையும் விக்கலை, வாங்கலை. தொடர்ச்சி முக்கியமாம்.

எதோட தொடர்ச்சின்னு நாங்க கேட்டோம்.

2021ல ஆர்லாண்டோ கிட்ட இருந்து வூசெவிச்சை வாங்க ரெண்டு முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்தாங்க. அதுல ஒண்ணுலதான் ஆர்லாண்டோ ஃபிரான்ஸ் வாக்னரை எடுத்துச்சு. 2024ல கரூஸோவை ஓக்லஹோமாவுக்குக் கொடுத்து ஜோஷ் கிடியை வாங்கினாங்க. கிடி நல்ல ஆட்டக்காரர்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா டிராஃப்ட் வாய்ப்புகளை மூட்டை மூட்டையா வெச்சிருக்கிற டீம் கிட்ட கொசுறுக்கு ஒண்ணு கூடக் கேட்டு வாங்கலையே! காய்கறிக்காரர் கிட்ட கூட நம்ம அம்மாங்க கறிவேப்பிலை வாங்காம நகர மாட்டாங்க. 2025 ஜூன்ல கரூஸோ ஓக்லஹோமாவோட சாம்பியன் ஆனார். அதே வருஷம் பிப்ரவரியில ஸாக் லவீனையும் வித்து முடிச்சிருந்தாங்க. ஆக, ஒவ்வொருத்தரையும் உச்ச விலையில விக்காம, ஆறிப்போன பிறகு வித்தாச்சு.

முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், 1985ல டீமை வாங்கினவர். சம்பள வரம்பைத் தாண்டினா லக்ஸரி டேக்ஸ்னு ஒரு அபராதம் கட்டணும். 2025 வரைக்கும் புல்ஸ் அதைக் கட்டினது ஒரே ஒரு சீசன், 2012-13. அவர் ஏன் கட்டணும்? யுனைடெட் சென்டர்ல இருபதாயிரத்துக்கும் மேல சீட்டு. லீக்லயே கூட்டம் அதிகம் வர்ற இடங்கள்ல அது எப்பவும் முன்வரிசை. ஜெயிச்சாலும் வர்றோம், தோத்தாலும் வர்றோம். விளக்கை அணைச்சு அந்த மியூசிக்கைப் போட்டா புல்லரிக்குது. இடைவேளையில பெரிய திரையில டோனட் ரேஸ் ஓடினா, முப்பது வயசு ஆளுங்க எழுந்து நின்னு கத்தறோம். கஸ்டமர் கத்தறான். ஆனா கோபத்துல இல்ல, டோனட்டுக்காக. அப்புறம் எவன் கோடைத் திருத்தி எழுதுவான்?

சொந்த செலவில் சூனியம்ங்கிறது இதுதான்.

இந்தப் புலம்பலை எல்லாம் அப்பா கிட்டயும் போன்ல சொல்லுவேன். பொறுமையா கேட்டுட்டு, "சரிப்பா, இவனுங்க தோத்தா உனக்கு என்ன நஷ்டம்?"னு கேப்பார். பதில் வராது.

2025 மார்ச்ல அப்பாவும் அம்மாவும் இங்க வந்திருந்தாங்க. 27ஆம் தேதி லேக்கர்ஸ் ஆட்டம். அப்பாவைக் கூட்டிக்கிட்டு ஓக் பார்க்ல கிரீன் லைன் ஏறி, 2024ல புதுசாத் திறந்த டேமன் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தோம். சிகாகோ மார்ச் குளிர் தெரியுமில்ல? அப்பா மங்கி குல்லா, அதுக்கு மேல அந்தப் பழைய எருமைத் தொப்பி. ஊர்ல இருந்து மறக்காம எடுத்துட்டு வந்திருந்தார். உள்ளே ஜோர்டான் சிலைக்குக் கீழே நின்னு போட்டோ எடுத்துக்கிட்டார். சிரிக்கவே இல்ல. கோயில்ல நிக்கிற மாதிரி நின்னார்.

மேல்தட்டு சீட்டு. லெப்ரான் எறும்பு சைஸ்ல தெரிவார். ஆட்டம் முடிய பன்னிரண்டு நொடி சொச்சம் இருக்கும்போது 115-110, லேக்கர்ஸ் முன்னிலை. "கிளம்பலாம்ப்பா, ட்ரெயின்ல கூட்டமாயிடும்"னு நான் எழுந்துட்டேன். அப்பா என் ஸ்வெட்டரைப் பிடிச்சு இழுத்தார். "உக்காரு. ஆட்டம் முடியலைல?"

பேட்ரிக் வில்லியம்ஸ் ஒரு மூணு பாயிண்ட். 115-113. லெப்ரான் உள்ளே எறிஞ்ச பந்தை கிடி லபக்குன்னு பிடிச்சார். கோபி ஒயிட் கிட்ட போச்சு, மூணு பாயிண்ட். 116-115. இருபதாயிரம் பேரும் சாமி வந்த மாதிரி ஆடறாங்க. உடனே லேக்கர்ஸ் ரீவ்ஸ் ஓடி வந்து போட்டு 117-116. அவ்வளவுதான், நம்ம ராசி தெரிஞ்சதுதானேன்னு நான் தலையில கை வெச்சுட்டேன். மூணே நொடி. கிடி மைதானத்தோட பாதியில இருந்து ஒரு வீசு வீசினார்.

விழுந்துச்சு. 119-117.

அடுத்த ஒரு நிமிஷம் எனக்கு சரியா ஞாபகம் இல்ல. முன்வரிசையில யாரோ ஒருத்தர் கையில இருந்த பியர் என் தலையில கொட்டினது ஞாபகம் இருக்கு. அப்பா அறுபது வயசை ஒட்டின மனுஷன், ரெண்டு கையையும் மேல தூக்கி, பெரியகுளத்துத் தமிழ்ல இங்க எழுத முடியாத ஒரு வார்த்தையைக் கத்தினார். என் வாழ்நாள்ல அவர் வாயில இருந்து அதைக் கேட்டதே இல்ல. பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் அவரைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிட்டார். தொப்பி எங்கேயோ விழுந்துச்சு. மூணு பேர் குனிஞ்சு தேடிக் கொடுத்தாங்க. திரும்பி வரும்போது ட்ரெயின்ல "பார்த்தியா, பார்த்தியா"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே வந்தார்.

இப்போ கதையோட அடுத்த பாகம். சீசன் முடிஞ்சப்ப நாம 39-43. டல்லாஸும் 39-43. ஆமா, அதே வருஷம் பிப்ரவரியில லூகாவை லேக்கர்ஸுக்கு வித்துட்டு ஊரே வாயில அடிச்சுக்கிட்ட அதே டல்லாஸ். ரெண்டு பேரும் சமம்ங்கிறதால யாருக்கு லாட்டரியில முன்னிடம்னு ஒரு குலுக்கல். டல்லாஸ் ஜெயிச்சுது. அவங்களுக்கு 1.8 சதவீதம், நமக்கு 1.7. ரோஸ் கிடைச்சப்போ இருந்த அதே 1.7! இது அறிகுறின்னு நான் நண்பர்கள் கிட்ட எல்லாம் சொல்லித் திரிஞ்சேன்.

மே 12, லாட்டரி. முதலிடம் டல்லாஸ். 1.8 சதவீதத்துல, அந்த வருஷத்தோட பெரிய பரிசு கூப்பர் ஃபிளாக். நமக்கு 12ஆவது இடம். இந்த டீம் நடுவுல நிக்கறதுல எவ்வளவு கெட்டின்னா, குலுக்கல்ல கூட மயிரிழையில தோக்கும்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இஞ்சினியர் புத்தி, கணக்குப் போட ஆரம்பிச்சிருச்சு. நாம ஒரே ஒரு ஆட்டம் கூடத் தோத்திருந்தா 38-44. டல்லாஸோட சமமே கிடையாது. குலுக்கலே தேவையில்ல, 11ஆவது இடம் நமக்கு. பந்து அதே மாதிரி விழுந்திருக்கும்னு நிச்சயமாச் சொல்ல முடியாது, ஆனாலும். ஒரே ஒரு தோல்வி. ஜெயிச்ச 39ல எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம். என் மனசு நேரா போய் நின்ன இடம் உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலையில காபி குடிக்கும்போது அப்பா கிட்ட சொன்னேன். "அப்பா, அன்னிக்கு கிடி அதைப் போடாம இருந்திருந்தா நமக்கு இன்னும் நல்லா இருந்திருக்கும்."

அப்பா டம்ளரைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார்னு நினைச்சேன். "ஏப்பா, தோக்கறதுக்குன்னு எவனாச்சும் கோர்ட்டுல இறங்குவானா?"ன்னு மட்டும் கேட்டார். நான் டேங்கிங், சதவீதம் எல்லாம் விளக்கினேன். முழுசாக் கேட்டார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா நீ அன்னிக்குப் பாதியில எந்திரிச்சவன். உனக்கு அப்படித்தான் தோணும்."

சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா அதே பிப்ரவரியில எனக்கே ஒரு டிரேடு வாய்ப்பு வந்திருந்துச்சு. ஒரு சின்ன ஸ்டார்ட்-அப்ல வேலை. சம்பளம் கம்மி, வேலை பிரமாதம். எச்1பி என்ன ஆகும், கிரீன் கார்டு வரிசை என்ன ஆகும்னு நாலு நாள் யோசிச்சு, மரியாதையா ஒரு மெயில் போட்டு வேண்டாம்னுட்டேன். இருக்கற இடத்துலயே இருந்தேன். செப்டம்பர்ல அப்ரைசல். தொடர்ந்து மூணாவது வருஷமா அதே நடு ரேட்டிங். "எதிர்பார்ப்புக்கு ஏற்றபடி வேலை செய்கிறார்." டமேஜர் ரொம்ப அன்பா, "உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அந்தத் தொடர்ச்சிதான்"னார்.

தொடர்ச்சி! எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துருச்சு. அவர் எதுக்குச் சிரிக்கிறேன்னு முழிச்சார்.

மூணு வருஷமா எந்த நிர்வாகத்தைப் பார்த்து "உடைச்சுப் போட்டுப் புதுசாக் கட்டுங்கடா, தைரியம் இல்லையா"ன்னு சோபாவுல இருந்து கத்தினேனோ, அவங்க பண்ணினதைத்தான் நானும் பண்ணியிருக்கேன். என் ஸ்கோரும் 39-43தான். ரொம்ப மோசமில்ல, ஆனா பெருசா ஒண்ணுமில்ல. ஒரு வித்தியாசம், என்னைப் பார்க்க யாரும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கறதில்ல.

இதனால நிர்வாகத்தை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுடாதீங்க. கரூஸோ விஷயத்தை என் பேரன் கல்யாணத்துல கூடப் பேசுவேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. நடுவுல மாட்டிக்கிறது திட்டம் போட்டு நடக்கறதில்ல. தினம் தினம் "இன்னிக்கு வேண்டாம், அப்புறம் பார்க்கலாம்"னு தள்ளிப் போட்டே வந்து சேர்ற இடம் அது.

சரி, அந்த அக்டோபருக்கே வந்துடறேன். தங்கமணி "மறுபடியுமா?"ன்னு கேட்டுட்டு நின்னாங்க. டீம்ல பெருசா என்ன மாறிச்சு? லான்ஸோவைக் கொடுத்து ஐஸக் ஒக்கோரோவை வாங்கினாங்க. 12ஆவது இடத்துல பிரான்ஸ் பையன் நோவா எஸெங்கேயை எடுத்தாங்க. கிடிக்கு நாலு வருஷத்துக்கு 100 மில்லியன் டாலர். மத்தபடி அதே ஆளுங்க. எந்த நிபுணரைக் கேட்டாலும் அதே பழைய இடத்தைத்தான் கை காட்டினாங்க.

அப்பாவுக்குப் போன் போட்டேன். ஊர்ல அப்போ காலை நேரம், பின்னாடி குக்கர் விசில். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டிக்கெட் எடுத்துட்டியா?"

"இல்லப்பா, யோசிக்கிறேன். இந்த வருஷமும் அதே கதைதான் போல."

"சரி, அது இருக்கட்டும். அந்தப் பையன் இருக்கான்ல?"

"எந்தப் பையன்?"

"பாதிக் கோர்ட்டுல இருந்து போட்டானே."

இருக்கான்னு சொன்னேன். "அப்போ எடு"ன்னார்.

எடுத்துட்டேன். ரெண்டு ஆட்டம், அதே மேல்தட்டு. அன்னிக்கு ராத்திரியே பழைய ரெஸ்யூமையும் திறந்து வெச்சேன். ஸ்டார்ட்-அப் கதவு மூடியாச்சு, ஆனா வேற கதவு இல்லாமலா போகும். முதல் வரியை மாத்தறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு.

சீசன் எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேக்கறீங்களா? முதல் அஞ்சு ஆட்டமும் வெற்றி! அப்படி ஒரு ஆரம்பம் ஜோர்டான் காலத்துல, 1996-97க்கு அப்புறம் இப்பத்தான். ஏழு ஆட்டம் முடிஞ்சப்போ 6-1. அப்பா வாட்ஸப்ல எருமைத் தொப்பி போட்டு செல்ஃபி அனுப்பினார். நான் தங்கமணி முன்னாடி காலர் தூக்கி நடந்தேன்.

அடுத்த அஞ்சு ஆட்டம் வரிசையா தோல்வி. 6-6.

ஜெயிச்சது எத்தனையோ தோத்ததும் அத்தனை, துல்லியமா நடுவுல. தங்கமணி ஸ்கோரைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை. உள்ளே போய் செருப்பை எடுத்துட்டு வந்து, சிரிச்சுக்கிட்டே சோபா பக்கத்துல வெச்சுட்டுப் போனாங்க.

பி.கு: அது இன்னும் அங்கேயேதான் இருக்கு. ஏப்ரல்ல தேவைப்படும்னு எடுத்து வைக்கலையாம் :-)